படி இல்லாத வீடு

சவானா, ஜார்ஜியா
ஜூன் 24

அன்புள்ள மிஸ் மார்லிஸ்,

பாப்பா பிறந்து பதினொரு நாள் ஆகிறது. உங்கள் வாழ்த்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இருவரும் நலம். ஆனால் நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

மத்தியானம் அம்மா வீட்டுக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் உங்கள் கூடைப்பந்து அணி முதலாளி மிஸ்டர் வாஸ்பர்க், கையில் ஐஸ் பெட்டியோடு நிற்கிறார்! எழுபத்தைந்து வயது மனிதர், ஒமாஹாவிலிருந்து விமானம் ஏறி, மிளகாய்க் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்திருக்கிறார். நான் நைட்டியோடு நிற்கிறேன். அம்மா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "குழம்போட இனிப்பு ரொட்டியா? உங்க ஊர்ல நாக்குன்னு ஒண்ணு கிடையாதா?" என்று கேட்டேவிட்டாள். அவர் அசரவில்லை. "நாலு வருஷமா உங்க மாப்பிள்ளை இதைத்தாம்மா சாப்பிடுறாரு, கேட்டுப் பாருங்க" என்றார்.

பிறகு, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அறுநூறு அட்டைகளைச் சமையல் மேசையில் கொட்டினார். எல்லாவற்றிலும் ஒரே வரி: போகாதீங்க டெஸ்மண்ட்.

டெஸ்ஸுக்கு ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம்தான். அது முடிவதற்காகக் கடற்கரை ஊர் அணிகள் காத்திருப்பது உங்களுக்குத் தெரியும். "எங்ககிட்ட கடல் இல்ல, சினிமாக்காரங்க இல்ல" என்றார் கிழவர். "நீ போனா உன்னை மாதிரி ஒருத்தன் எங்க ஊருக்கு வரவே மாட்டாம்ப்பா." சொல்லிவிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். டெஸ் எழுந்து பின்பக்கம் போய்விட்டான்.

மிஸ் மார்லிஸ், எனக்குக் கடலும் வேண்டாம், சினிமாக்காரர்களும் வேண்டாம். எங்கள் மூத்தவன் ஜொசாயாவுக்கு மூன்று வயது. நீங்கள் தேடிப் பிடித்துத் தந்த பேச்சுப் பயிற்சி மிஸ் ஹலினாவிடம் போன பிறகுதான் வாய் திறந்தான். இதுவரை நான்கு வார்த்தை. அதில் ஒன்று 'மாலி'. நீங்கள்தான் அது. வேறு ஊருக்குப் போய் வேறு முகத்தைப் பார்த்தால் மறுபடி வாயை மூடிக்கொள்வானோ என்று எனக்குப் பயம். டெஸ்ஸிடம் இதைச் சொல்லி அவன் முடிவைக் கெடுக்கலாமா? நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு,
கெண்ட்ரா


ஒமாஹா, நெப்ராஸ்கா
ஜூலை 31

என் தங்கமே கெண்ட்ரா,

போட்டுட்டான்! கையெழுத்துப் போட்டுட்டான்! ஐந்து வருடம்! ஆபீசில் பெரியவர் மேசைமேல் ஏறி நின்றார். இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நெடுஞ்சாலையில் உன் புருஷன் முகத்தை இரண்டு மாடி உயரத்துக்கு வரைகிறார்கள், காது மட்டும் பாக்கி.

ஜொசாயா விஷயத்தை நீ அவனிடம் சொன்னது சரிதான். அப்பனுக்குத் தெரிய வேண்டாமா?

அவன் போனில் என்னிடம் ஒன்று கேட்டான். "என்னை வேற அணிக்கு மாத்த மாட்டோம்னு எழுதித் தருவாங்களா?" என்று. அப்படி எழுத விதி இல்லை, கண்ணு. கையெழுத்திலிருந்து ஆறு மாதத்துக்கு யாரும் தொடக் கூடாது, அதற்குமேல் விதி எதுவும் சொல்லாது. ஆனால் அணி மேலாளர் டிராப், "அவனைப் பிடிச்சு வைக்கத் தலைகீழா நின்னோம், நாங்களா விடுவோம்?" என்றார். நானும் அதைத்தான் சொல்வேன்.

கடிதமா எழுதுகிறீர்களே என்று நீ கேலி செய்தாலும் நான் காகிதத்தில்தான் எழுதுவேன். என் போன் அணியுடையது. அதில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். காகிதம் நம் இருவருடையது.

சீக்கிரம் வா.

உன் மாலி


ஒமாஹா
அக்டோபர் 19

அன்புள்ள மிஸ் மார்லிஸ்,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோமே என்று டெஸ் சிரிக்கிறான். ஆனாலும் தபால்காரன் மாதிரி இதை உங்களிடம் கொண்டுவந்து தருவான். ஒட்டியிருக்கிறேன், பிரிக்க மாட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. நீங்கள் பார்த்துத் தந்த செங்கல் வீடு எனக்கு உயிர். ஆனால் டெஸ் மாடியிலிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் பின்பக்கமாக இறங்குகிறான். ஏணியில் இறங்குவது போல, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. "என்னடா இது?" என்றால், "ஸ்டைலு" என்கிறான். மறுபடி கேட்டால், "சும்மா இரேன்டி" என்கிறான்.

முழங்காலாக இருக்குமோ? கல்லூரியில் அவனோடு ஆடிய ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஆட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை, நேற்றுகூட முப்பத்தொரு புள்ளி. ஆனால் வீட்டில் பார்ப்பவள் நான்தானே? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைக் கிழித்துவிடுங்கள்.

கெண்ட்ரா


ஒமாஹா
நவம்பர் 8

என் கண்ணே,

கிழிக்கவில்லை, அடுப்பில் போட்டேன். சாம்பல்கூட இல்லை. முழங்கால் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. ஆட்டக்காரர்கள் குடும்பங்களுக்கு வேண்டியதைப் பார்ப்பதுதானே என் வேலை. மிஸ் ஹலினா இருக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தரைவீடு காலியாகிறது. எல்லாம் ஒரே தளம். ஆபீசில் படிவம் நிரப்பிவிட்டேன்: 'ப்ரூயிட் குடும்பத்துக்குப் படி இல்லாத வீடு. அவசரம்.' காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். பார்த்தாயா, எவ்வளவு கெட்டிக்காரி நான்!

பாப்பாவுக்கு முத்தம். நீ சாப்பிடு.

உன் மாலி


போர்ட்லண்ட், ஓரிகன்
பிப்ரவரி 9

மிஸ் மார்லிஸ்,

பெட்டிகூடப் பிரிக்காமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நான் கடையில் வாழைப்பழம் எடுத்துக்கொண்டிருந்தேன். பணம் வாங்கும் பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இன்னும் உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். என் புருஷனை ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் மாற்றிவிட்டார்கள் என்பதை வாழைப்பழத்தோடு நின்று கேட்டேன். கையெழுத்துப் போட்டு ஆறு மாதமும் ஆறு நாளும். நாள் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்!

ஜொசாயா நான்கு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. 'பால்'கூட இல்லை. விரலைக் காட்டுகிறான்.

டிராப் போனில் டெஸ்ஸிடம் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இருபத்தேழு வயசு ஆளுக்குப் படி இல்லாத வீடு எதுக்குப்பா? நாங்க என்ன முட்டாளா?" டெஸ்ஸுக்குப் புரியவில்லை. என்னிடம் வந்து, "யாரு கேட்டா படி இல்லாத வீடு? நீ கேட்டியா?" என்றான். நான் இல்லை என்று தலையாட்டினேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்.

என்ன செய்தீர்கள் மிஸ் மார்லிஸ்?

கெண்ட்ரா


ஒமாஹா
பிப்ரவரி 16

கெண்ட்ரா,

ஒளிக்க ஒன்றுமில்லை. என் படிவம்தான்.

காரணத்தைக் காலியாக விட்டேனே, அந்தக் காலி இடத்தைத்தான் டிராப் படித்திருக்கிறார். அணி மருத்துவர் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றாராம். டிராப் நம்பவில்லை. "ஆட்டக்காரன் டாக்டர்கிட்ட மறைப்பான், பொண்டாட்டிகிட்ட மறைக்க முடியாது" என்று என் எதிரிலேயே சொன்னார். அவர் கையில் என் படிவம் இருந்தது.

பெரியவர் எதிர்த்தார். டிராப் கத்தினார்: "கடற்கரை ஊர்க்காரனுக்கு ஒரு ஆள் உடைஞ்சா அடுத்த ஆள் தானா வருவான். நமக்கு இவன் உடைஞ்சா பத்து வருஷம் எந்திரிக்க முடியாது. விலை இருக்கும்போதே விட்டுடணும்." பெரியவர் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

உன்னை இங்கேயே வைத்துக்கொள்ளத்தான் இத்தனையும் செய்தேன். அது என் வேலை, சம்பளம் வாங்கினேன், உண்மை. ஆனால் வேலை எங்கே முடிந்தது, நீ எங்கே ஆரம்பித்தாய் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

மார்லிஸ்


போர்ட்லண்ட்
மார்ச் 12

திருமதி மார்லிஸ் ஹாகன் அவர்களுக்கு,

முழங்கால் எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

இங்கே மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள். "பதினெட்டு வயசுப் பையனோட முழங்கால்" என்றார்கள். இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை. அன்று இரவே எல்லாவற்றையும் டெஸ்ஸிடம் சொன்னேன்: என் கடிதம், உங்கள் படிவம், என் பொய்.

கடைசிவரை கேட்டான். பிறகு தன் ஷூவைக் கழற்றி என் மடியில் வைத்தான். "என் பாதம் பதினாலு அங்குலம்" என்றான். "அந்தச் செங்கல் வீட்டுப் படி ஒன்பது அங்குலம்தான் அகலம். முன்னால வச்சா பாதிக் கால் காத்துல நிக்கும். குடிவந்த முதல் வாரமே ஒருதரம் உருண்டுட்டேன், நல்லவேளை கையில பாப்பா இல்ல. சொன்னா நீ பயப்படுவே. சின்ன வயசுல எல்லாரும் என்னைப் படகுக்காலன்னு கூப்பிடுவாங்க, அதனால நீயும் சிரிப்பேன்னு நினைச்சேன். ரெண்டும் வேண்டாம்னு ஸ்டைலுன்னு சொன்னேன்."

சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். ஷூவை மாட்டிக்கொண்டு பாப்பாவிடம் போனான்.

இந்த வீட்டிலும் மாடி இருக்கிறது. புதிய வீடு, அகலமான படி. இன்று காலை அவன் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக இறங்கி வந்தான், எல்லா அப்பாக்களையும் போல. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. நான் எழுதியதால்தானே நீங்கள் நிரப்பினீர்கள். ஆனால் உங்களுக்கு இனி என்னால் எழுத முடியாது. எழுத உட்கார்ந்தாலே அந்தக் காலி இடம் கண்முன் வருகிறது. நீங்களும் எழுத வேண்டாம்.

ஒரே ஒரு உதவி. மிஸ் ஹலினாவைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள். ஐந்து வாரம் கழித்து ஜொசாயா நேற்று வாய் திறந்தான். இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னது இதுதான் முதல்முறை, அதை அவர் குறித்துக்கொள்ள வேண்டும் என்பார்.

"மாலி எப்ப?" என்றான்.

இப்படிக்கு,
கெண்ட்ரா ப்ரூயிட்