பவுடர் பூசாத படம்

நேற்று திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் பவுடர் வாசனை குப்பென்று அடித்தது. நம் பாப்பாவை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போட்டோ வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால், கண்ணாடி முன்னால் நின்று அவளே பூசிக்கொண்டிருக்கிறாள். நெற்றியில் இருக்கும் அந்தச் சிவப்பின் மேல் மட்டும். உங்கள் மேல்தான் கோபம் வந்தது, மாமா. இந்த நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டீர்களே.

அவள் பிறந்தபோதே வலது நெற்றியிலிருந்து கண்ணிமை வரை கருஞ்சிவப்பாகப் படர்ந்திருந்தது. "கிரகணத்துல வெளிய வந்தியா? அருவாமணைய தொட்டியா?" என்று உங்கள் அக்காவே கேட்டார். கிரகணத்தன்று முழுக்க நான் பாயை விட்டு நகரவில்லை. யார் நம்பினார்கள்? பவுடரை அப்பி, அதன்மேல் பெரிய மைப்பொட்டு வைத்து, குல்லாவை இழுத்துவிடப் பழகிக்கொண்டேன்.

ஆறாம் மாதம் பாப்பாவுக்கு இடது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. உள்ளூர் டாக்டரிடமும் அதே பவுடரோடுதான் காட்டினேன். உடம்பு சுட்டதால் காய்ச்சல் வலிப்பு என்று இரண்டு முறை மருந்து கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது தடவை விழுப்புரம் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் முன்னால், கடலை பிடுங்கிய மல்லாட்டைக் கொல்லை மண் ஒட்டிய தோள் துண்டை நனைத்து, பாப்பா முகத்தை நீங்கள் அழுந்தத் துடைத்தீர்கள். "இவ யார் வூட்டுல திருடினா, மூஞ்ச மறைக்க? நல்லா பாருங்க சார்." எனக்கு மானமே போன மாதிரி இருந்தது.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "இத ஏம்மா மறைச்சீங்க? இது வெறும் மச்சம் இல்ல. இதே மாதிரி ரத்தக்குழாய் மூளை மேலயும் இருக்கலாம். ரொம்ப அபூர்வம். உடனே ஸ்கேன் எடுக்கணும்." ஸ்கேனிலும் அவர் சொன்னபடியேதான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மறைத்தது நான்தானே. திட்டுவீர்கள் என்று பயந்தேன். "நீ அழுதுக்கினு இருந்தா வேளைக்கு மருந்து யார் குடுக்கறது? கண்ண தொடச்சிக்கமே" என்றீர்கள்.

போன வருஷம் மாரடைப்பில் நீங்கள் போன அன்றுகூட, பாப்பாவுக்கு எட்டு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டுத்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஊர் என்னவோ பேசியது. பேசட்டும்.

ஸ்டுடியோத் தம்பி நல்ல மனசோடுதான் கேட்டார். "அக்கா, இந்தச் செவப்ப கம்ப்யூட்டர்ல எடுத்துடவா? பளிச்சுனு வரும்." பாப்பா என் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்ல மாட்டேன் மாமா, ஒரு நொடி எனக்கும் ஆசை வந்துவிட்டது. புதுப் பள்ளிக்கூடம், புதுப் பிள்ளைகள்.

உங்கள் துண்டு என் பையிலேயேதான் இருக்கும். எடுத்து நனைத்து அவள் கையில் கொடுத்தேன். "நீ யார் வூட்டுல திருடின, மூஞ்ச மறைக்க?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அழுந்தத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். "இருக்கறபடியே எடு தம்பி" என்றேன்.

படம் கைக்கு வந்ததும் அவள் முதலில் தேடியது அந்தச் சிவப்பைத்தான். "இருக்குதும்மா" என்றாள்.

துண்டு காய்ந்து மறுபடியும் பைக்குள் போய்விட்டது. மணி எட்டு ஆகப்போகிறது, மாமா. மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறேன்.