வெள்ளிக்கிழமைக்கு வைத்த கதை

அக்கா,

இன்று காலை கம்பெனி வேனில் பின் சீட்டுப் பெண் போனில் எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று கதவு தட்டுகிற சத்தம். முதலில் ஒன்று, கொஞ்சம் விட்டு இரண்டு, அதன் பிறகு அந்த வயலின். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பி, போட்டுட்டாங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டிவியில் ஓடிய நம் பங்களாக் கதைதான். அதற்கென்று ஒரு பெயர் இருந்தது, ரத்தச் சிவப்பில் எழுதிக் காட்டுவார்கள். ஆனால் செக்கிங் டேபிளில் நின்ற நாம் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பங்களா பார்த்தாயா என்போம், அவ்வளவுதான். யாரோ புண்ணியவான் பழைய பதிவுகளையெல்லாம் தேடி எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றியிருக்கிறாராம். கதை ஓடிய காலத்தில் அந்தப் பின் சீட்டுப் பெண் கைக்குழந்தையாக இருந்திருப்பாள். செம பேய்க் கதை, நீங்களும் பாருங்கள் என்று எனக்கே சொல்கிறாள்.

உங்களுக்கு நினைவிருக்கும். மலை மேல் ஒரு தேயிலை எஸ்டேட், எந்நேரமும் பனி, நடுவில் அந்தப் பெரிய பங்களா. உள்ளே இடுப்பில் சாவிக்கொத்தோடு நடமாடும் பெரியம்மா. ஏரியில் விழுந்து செத்துப்போனாள் என்று ஊரே நம்பிய அவளுடைய மகள், அமாவாசைக்கு அமாவாசை வந்து கதவைத் தட்டுவாள். பெரியம்மா திறக்கமாட்டாள். தட்டுவது பேயா, உயிரோடு இருக்கிற மகளா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினார்கள். நம் டேபிளே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. மகள் உயிரோடுதான் இருக்கிறாள் என்ற கட்சிக்கு நீங்கள்தான் தலைவி.

பனியனைப் பார்க்கிற அதே கண்ணோடுதான் நீங்கள் டிவியையும் பார்த்தீர்கள். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டர் என்று ஒதுக்கி வைப்பது நம் வேலை. காலையில் முதல் பண்டலைப் பிரிக்கும்போதே உங்கள் தீர்ப்பு வந்துவிடும். "நேத்தைக்கு ரெண்டு ஆல்டர் கண்ணு. மாடி ஏறறப்ப பெரியம்மாவுக்கு மூக்குத்தி இந்தப் பக்கம், எறங்கறப்ப அந்தப் பக்கம்." சூப்பர்வைசர் தூணுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்பார். கேட்டது தெரியக்கூடாதே என்று கடைசியில் நம்மைத் திட்டிவிட்டுப் போவார்.

ஏழு மணிக்குப் பங்களா என்பதால், ஷிப்மெண்ட் நெருக்கும் நாளில்கூட ஆறரைக்கு மேல் நீங்கள் நின்றதில்லை. வீட்டில் ஆள் காத்திருக்கிறது என்று புது மேனேஜரிடம் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது மேனேஜருக்குத் தெரியாது. அவர் தலையாட்டி அனுப்பினார், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். ஏழு மணிக்குக் கரண்ட் போகிற வாரங்களில் முதலிபாளையத்திலிருந்து பஸ் ஏறி, கரண்ட் இருக்கிற ஏரியாவில் உங்கள் பெரியப்பா மகள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். தன் மேல் உங்களுக்குத் திடீர்ப் பாசம் பொங்கியதன் காரணம் அந்த அம்மாவுக்குக் கடைசி வரை புரியவில்லை. மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி அந்தப் பங்களாப் பெண்ணுக்காக ஜெபித்ததை ஃபாதரிடமே சொல்லியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் மாதா கோபித்துக்கொள்வாரா என்று சந்தேகம் வேறு கேட்டீர்களாம்.

பங்களாக் கதையில் வில்லனாக நடித்த மனிதர் டவுனில் ஒரு துணிக்கடை திறக்க வந்தாரே, அன்று நீங்கள் அரை நாள் லீவு போட்டீர்கள். கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய், எல்லோரும் போட்டோ எடுக்கக் கெஞ்சுகிற இடத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைய இனி உட்ருங்க சாமி, பாவம் பாத்துக்கோங்க" என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. டைரக்டரிடம் சொல்கிறேனம்மா என்று தணிந்த குரலில் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம், மனுசன் நல்ல மாதிரிதான், கதைதான் அவரைக் கெடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

இப்படிச் சிரிப்பதற்கு நம்மிடம் நிறைய இருந்தது. ஜெசிந்தாவைப் பற்றி எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

உங்கள் ஒரே மகள். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டெய்லர் பையனோடு போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். மறுநாளும் நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். விசாரித்தவர்களிடம் மகள் செத்துவிட்டாள் என்று ஒரே பதில் சொன்னீர்கள். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் கைக்குழந்தையோடு வந்தபோது நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். கதவைத் தட்டி அம்மா என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். நீங்கள் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். விளம்பரம் மாறுகிற இடைவெளிகளில் குழந்தை அழுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நான் கிளம்பும்போது வாசற்படியில் ஒரு பை ஆப்பிள் இருந்தது. நீங்கள் அதைத் தொடவில்லை.

அடுத்த நாள் டேபிளில் நீங்கள் கட்சி மாறிவிட்டீர்கள். "தட்டறது பேய்தான். உசுரோட இருக்கறவ இத்தன வாட்டி வந்து நிக்கமாட்டா." மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் வெறும் கதையாகப் பார்த்ததே இல்லை.

பிறகு உங்கள் வயிற்றில் கட்டி வந்தது. கோயம்புத்தூருக்குப் போய் வந்து போய் வந்து, கடைசியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் தம்பி மனைவி கூட இருந்து பார்த்துக்கொண்டார். டிவி வெளிச்சம் கண்ணில் பட்டாலே உங்களுக்குத் தலை பிளந்தது. அதனால் என்னைக் கூப்பிட்டு வேலை ஒப்படைத்தீர்கள். நான் என் வீட்டில் பார்த்துவிட்டு, முடிந்த கையோடு தெருவைத் தாண்டி வந்து சொல்ல வேண்டும். ஆல்டரையும் விடாமல் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழே முக்காலுக்கு நான் வரும்போது தலை சீவி, தலையணையில் சாய்ந்து, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பியவர் போல உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா முதல் முறையாகச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே வந்தாள். வெளியே தட்டுகிற சத்தம். ‘தொடரும்’ என்று போட்டார்கள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேறு ஏதோ புதுத் தொடர் ஓடியது. நான் சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கதையை நிறுத்திவிட்டார்கள். ஒரு அறிவிப்பு கிடையாது, ஒரு மன்னிப்பு கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சேனல்காரன் எதிரில் இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன்.

அன்றும் நீங்கள் தலை சீவி உட்கார்ந்திருந்தீர்கள். சாவியைப் போட்டாளா என்று நான் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டீர்கள். நின்றுபோயிற்று என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சாவி கை தவறிக் கீழே விழுந்துவிட்டது என்றேன். அதுதான் என் முதல் பொய்.

ஆறு வாரம் சொன்னேன் அக்கா. பகலெல்லாம் டேபிளில் நின்று அன்றைய கதையை யோசிப்பேன். ஓட்டை விழுந்த பீஸெல்லாம் என் கையைத் தாண்டிப் போயிற்று, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். டேபிளில் மற்றவர்களிடம், அக்காவைப் பார்க்கப் போனால் பங்களா நின்ற விஷயத்தை மட்டும் மூச்சு விடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். உங்கள் கண்ணுக்கு என் பொய்யும் தப்பவில்லை. "நேத்து மழைன்ன, இன்னைக்கி நெலா வெளிச்சங்கற. ஆல்டர்" என்பீர்கள். அவர்கள் எடுத்ததே அப்படித்தான் என்று சமாளிப்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காக மறுநாள் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்துக்கொண்டு வருவேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்துப்போயிற்று. எட்டாவதோடு நின்றவள் நான். ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டு, அப்புறம் அப்புறம் என்று கேட்பது என் வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தா எனக்கு போன் செய்தாள். ஒரே ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வேண்டும் சித்தி, திட்டினாலும் பரவாயில்லை என்று அழுதாள். நான் உங்களிடம் நேராகவே கேட்டுப் பார்த்தேன். "அந்தப் பேச்ச எடுக்கறதா இருந்தா நாளையிலிருந்து கதை சொல்லக்கூட வர வேண்டாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நேராகப் போனால் நடக்காது என்று தெரிந்தது. கதை வழியாகத்தான் போக வேண்டும். பெரியம்மாவைக் கதவைத் திறக்க வைக்க வேண்டும். வெளியே நிற்பது பேய் இல்லை, மகள்தான் என்று அவள் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்டு உங்கள் மனம் இளகுகிற நேரத்தில் ஜெசிந்தாவின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டேன். சனிக்கிழமை வந்துவிடு கண்ணு என்று அவளிடம் சொன்னேன்.

ஏன் சனிக்கிழமை? திறப்பதை வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தேன், அதனால்தான். தொடர் பார்க்கிற யாருக்கும் இது தெரியும். பெரிய விஷயம் எதுவும் வாரத்தின் நடுவில் நடக்காது. திங்களிலிருந்து இழுத்து இழுத்து வெள்ளிக்கிழமை உடைப்பார்கள். நீங்களும் நானும் அதற்கே பழகியவர்கள். செவ்வாய்க்கிழமை திறந்தால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதி என் கர்வம். அத்தனை நாள் கட்டிய கதையைச் சரியான நாளில் உடைக்க வேண்டும் என்ற ஆசை.

அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு மூச்சு வாங்கியது. பெரியம்மா கதவில் காதை வைத்துக் கேட்கிறாள், வெளியே அழுகைச் சத்தம் என்பது வரை சொல்லி நிறுத்தினேன். நீங்கள் வாசல் பக்கம் பார்த்தீர்கள்.

"இன்னும் எத்தன நாளைக்கி நிக்க உடுவா? தொறந்துட்டா தேவல கண்ணு."

அதைச் சொன்னது நீங்கள். உங்கள் வாயால் சொன்னீர்கள். பேய்க் கட்சி அன்றே விட்டுக்கொடுத்துவிட்டது. நான் அந்த நிமிஷமே திறந்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். மகள்தானுங்க அக்கா, உங்கள் மகளும் பஸ் ஏறக் காத்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெள்ளிக்கிழம தெரிஞ்சுருமுங்க" என்றேன். நீங்களும் லேசாகச் சிரித்து, "ஆமா, வெள்ளிக்கிழமைக்குத்தான் வெப்பாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

புதன்கிழமை காலை முதல் பண்டலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் தம்பி கம்பெனிக்கு போன் செய்தார்.

என் மேல் எனக்கு வந்த வெறுப்பை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. உயிர் போகிற ஒருவருக்கு நாள் பார்த்துக் கதை சொன்ன பாவி நான்.

வியாழக்கிழமை அடக்கம். உங்கள் வீட்டுக் கதவு இரண்டும் அகலத் திறந்து, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று கிடந்தது. ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை. அவள் மகன் அதற்குள் நடக்கப் பழகியிருந்தான். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. "அம்மா என்னையப் பத்தி எதாச்சும் சொன்னாங்களா சித்தி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அவள் அப்படியே திரும்பிப் போயிருப்பாள்.

"சொன்னாங்க கண்ணு. செவ்வாக்கிழம சாயங்காலம் சொன்னாங்க. என்ற புள்ள வந்தா நிக்க வெக்காதீங்க, கதவத் தொறந்து உடுங்கன்னாங்க."

அவள் உள்ளே ஓடினாள். உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வருகிறாள் அக்கா. பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மகனிடம் அதையே சொல்வாள், உன் அம்மாயி கடைசியாகக் கதவைத் திறக்கச் சொன்னார்கள் என்று. அவன் இப்போது என்னை விட உயரம். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

அது பெரியம்மா வெள்ளிக்கிழமை சொல்வதற்காக நான் எழுதி வைத்திருந்த வசனம். வியாழக்கிழமை உங்கள் வாயில் வைத்துவிட்டேன். நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமையே கதையை முடித்திருந்தால், நினைக்க வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்திருக்கும்.