அம்மாவிடம் மிஞ்சிய பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இருப்பதைப் பத்திரிகையில் வந்த படத்திலேயே பார்த்துவிட்டேன். கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. இங்கே அம்மாவுக்கு வலது கையை இன்னும் தூக்க வரவில்லை. முதுகுப் புண் மட்டும் ஆறிக்கொண்டு வருகிறது.

உன் கட்டுரையைப் படித்தேன். அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்தே பழகிய கண் அல்லவா, பென்சிலும் கையுமாகத்தான் உட்கார்ந்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. அதனாலேயே எரிச்சல் அதிகமாக வந்தது. பத்திக்குப் பத்தி ‘அன்னை’ என்று எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் யாரடா அன்னை? சமையலறை வாசலில் நின்று “யம்மா, பசிக்குது” என்று கத்தியவன் நீ. இப்போது அந்த மனுஷிக்கு ‘ஈன்ற தெய்வம்’ என்று பட்டம் வேறு. தெய்வத்துக்குப் படுக்கைத் துணி மாற்ற வேண்டியதில்லை. அதனால் அந்தச் சொல் உனக்கு வசதியாக இருக்கிறது.

‘மொழியெல்லாம் உதிர்ந்த பிறகும் அன்னையின் நாவில் எஞ்சியது மகனின் பெயர் மட்டுமே’ என்று முடித்திருந்தாய். படித்தவர்கள் எல்லோரும் அழுதார்களாம். எதிர்வீட்டு டீச்சர் பத்திரிகையோடு ஓடிவந்து, “குடுத்து வச்சவங்க உங்கம்மா” என்றார். நான் அப்போதுதான் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு நனைந்த துணியோடு நின்றிருந்தேன். சிரித்து வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், கேள். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவிடம் மிஞ்சியிருப்பது ‘சின்னு’ என்கிற உன் செல்லப்பெயர் ஒன்றுதான். அதில் பொய்யில்லை. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றாலும் சின்னுதான். மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் சின்னுதான். பால் வாயைச் சுட்டுவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு சின்னு என்பாள். அது எனக்கு விழும் வசவு. என்னைக் கூப்பிடுவதும் சின்னு என்றுதான்.

அன்றைக்கு நீ தொலைபேசியில் பேசியபோது மூச்சுவிடாமல் சின்னு, சின்னு என்றாளே, அதை வைத்துத்தானே இவ்வளவும் எழுதினாய்? நீ அந்தப் பக்கம் விம்மிக்கொண்டிருந்தாய். இந்தப் பக்கம் அம்மாவுக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. உன் அழுகை முடியட்டும் என்று நான் மரியாதைக்குப் பொறுத்திருந்தேன். அம்மாவால் பொறுக்க முடியவில்லை. பிறகு மெத்தையை வெயிலில் போட்டேன். கட்டுரையில் மெத்தை வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்மணி வருகிறார். ஏன் அவன் பெயர் மட்டும் என்று வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். “எந்தச் சொல் தங்கும்னு யாராலும் சொல்ல முடியாதும்மா. பாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றார். அவரிடம் வரும் ஒரு தலைமை ஆசிரியருக்கு ஒரு கெட்ட வார்த்தை மட்டும்தான் மிச்சமாம். விருந்தாளி வந்தால் அவர் மனைவி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாராம். சிரித்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. எனக்குப் பொறாமை என்று நீ நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். தலை வாரி, நகம் வெட்டி, புரட்டிப் படுக்க வைக்கிறவளின் பெயர் அந்த நாக்கில் இல்லையே.

இப்போது அந்தக் கட்டுரை புத்தகமாகிறது, வெளியீட்டு விழாவில் போட்டுக்காட்ட அம்மாவின் குரலைப் பதிவுசெய்து அனுப்பு என்கிறாய். விழா இருப்பதால் இந்த வருஷமும் வர முடியாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கிறாய். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பது உனக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது.

இருந்தாலும் கேட்டுவிட்டாயே என்று போனை அம்மா முகத்துக்கு நேரே நீட்டினேன். தம்பிக்காக ஒரு தடவை சொல்லும்மா என்றேன். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். போனைத் தூக்கி அலமாரியில் வைத்த பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னு என்றாள்.

அதனால் பதிவு வராது. இன்னொரு முறை நீட்டவும் மாட்டேன். வந்த கூட்டத்துக்கு நீயே அவளைப்போலச் சொல்லிக்காட்டு; உனக்கு வராததா?

ஆனால் நீ வா. விழா முடிந்த மறுநாளே என்றாலும் வா. நீ வந்து கட்டில் பக்கத்தில் நின்றால் அந்தப் பெயர் உன்னிடம் போய்விடும். கூட நிற்கிற என்னைக் கூப்பிட அம்மா வேறு எதையாவது தேடித்தான் ஆகவேண்டும். கிடைக்காமல் போகலாம். அவள் தேடுவதைப் பார்த்தால் போதும் எனக்கு.

பேச்சு குன்றாமல் நூறு வயது இரு.

அன்புடன்,
அக்கா