சுத்தம் செய்த குழல்

தை 14, வியாழன்.

தம்பியின் ராக் பேண்டில் கிட்டார் வாசித்த குமரேசன் மத்தியானம் அடிவாரத்திலிருந்து பைக்கில் வந்தான். தம்பி இறந்து எட்டு மாதம். அவர்கள் பாதியில் விட்ட அந்தப் பன்னிரண்டு நிமிடப் பாட்டை முடித்துக் கொண்டு வந்திருந்தான்.

"கேட்டுப் பாருங்கக்கா. நொம்ப சுத்தமா வந்திருக்குதுங்க."

நடுவில் டிரம்ஸ் அடங்கி, தம்பியின் புல்லாங்குழல் மட்டும் எழுந்தது. அவன் ஊதிக்கொண்டே தொண்டைக்குள் பாடுவான். குழலோடு அவன் குரலும் கரகரவென்று வரும். அதைக் காணோம்.

"மூச்சுச் சத்தம், உறுமல் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துட்டனுங்க. ஒரு மாசம் ஆச்சுங்க."

பழையது இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது மேலயே இதைச் சேவ் பண்ணிட்டனுங்கக்கா, பழசு அழிஞ்சிருச்சுங்க. இனி அது எதுக்குங்க?"

தம்பி இறந்தபோதே அவன் போனும் போய்விட்டது. அவன் குரல் வேறெதிலும் இல்லை.

"நல்லாருக்கு சாமி" என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவன் கிளம்பியதும், காயப்போட்டிருந்த காப்பிக் கொட்டையை அள்ளி மூடினேன். அழுகை வரவில்லை.

குமரேசன் என் போனில் ஏற்றிக் கொடுத்த பாட்டை இப்போது மறுபடி போட்டிருக்கிறேன். தம்பி மூச்சே விடாமல் வாசிக்கிறான்.