செலோப் பெட்டிக்கு எழும்பி நின்றோம்

பண்டத்தரிப்பு,
ஞாயிறு பின்னேரம்.

என் அன்பு மகள் தயாளினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தந்த பலத்தில் நான் இங்கே எழும்பி நடமாடித் திரிகிறேன், நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் விடிய எழும்பியதும் கேட்கிறேன். கையிலே போன் இருக்க இந்த மனிசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கதைத்தால் அது எங்கே போய் முடியும் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கடைசியாகக் கதைத்தபோது நீ, அண்ணை செத்துப்போனார் அம்மா, அதை ஒத்துக்கொள்ளுங்கோ, ஒரு நினைவு ஆராதனையாவது வையுங்கோ என்றாய். நான், வேணுமெண்டால் உன்ரை நோர்வேயிலை வை என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீயும் எடுக்கவில்லை நானும் எடுக்கவில்லை, உனக்கு உன் கொப்பரின் பிடிவாதம், எனக்கு என் அப்பாவின் பிடிவாதம். உன் அண்ணை நதானியேல் அகதியாய்ப் போகிற வழியில் இந்தோனேசியாவில் நின்று, அம்மா கடலுக்கு இறங்கிறம், ஜெபியுங்கோ என்றதோடு சரி, பிறகு வள்ளமும் இல்லை ஆளும் இல்லை. உடம்பைக் காணாமல் பெற்றவள் எப்படி ஒத்துக்கொள்வாள் என்பது என் வழக்கு. இவ்வளவு வருஷம் வராதவர் இனி வரமாட்டார் என்பது உன் வழக்கு. அதுதான் கடிதம். இதை நீ இடையில் மறிக்க ஏலாது.

இங்கே மழை விட்டபாடில்லை. ரோட்டிலும் ஒழுங்கையிலும் தண்ணீர், கிணற்றடி முருங்கை முறிந்து விழுந்துவிட்டது, ஆடு குட்டியோடு குசினி அடுப்படியில் குடியிருக்கிறது. என் முழங்கால் பழையபடிதான், அதைப்பற்றி எழுதி என்ன. எழுத வந்த விஷயத்தைச் சொல்கிறேன். போன கிழமை எங்கள் தேவாலயத்தில் ஒரு கச்சேரி நடந்தது, நகரத்து இசைப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிற ஆட்கள் இரண்டு பேர், பியானோவும் செலோவும். பியானோ வேறு யாருமில்லை, டானியல் மாஸ்டரின் மகள் ஜெயந்தினி, உன்னோடு ஞாயிறு பள்ளிக்கு வந்தவள், இப்போது ஆராதனைக்கும் செத்தவீட்டுக்கும் எங்களுக்கு வாசிக்கிறவளும் அவள்தான். செலோ கரவெட்டிப் பெடியன் ஒருவன், பிரகலாதன் என்று பெயர். செலோ என்றால் உனக்குத் தெரிந்திருக்கும், நான் அன்றைக்குத்தான் கண்டேன், வயலினுக்குத் தகப்பன் மாதிரி இருக்கிறது, தோளில் வைக்க ஏலாது, கதிரையில் குந்தியிருந்து முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள். எனக்குப் போகிற எண்ணமே இல்லை. பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா வந்து, வீட்டுக்குள்ளை கிடந்து பூஞ்சணம் பிடிக்கப்போறாய், வெளிக்கிடு என்று வாசலிலேயே நின்றுவிட்டார், அவரோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்.

சொன்ன நேரத்துக்குச் சனம் வந்துவிட்டது, பிரகலாதனைக் காணவில்லை. சண்டிலிப்பாயில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம், வான் அங்கே நின்றுவிட்டதாம். சனம் கலைந்து போகாமல் இருக்க ஜெயந்தினி பியானோவில் ஏதோ மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டு இருந்தாள், செத்தவீட்டில் வாசித்துப் பழகிய கை அல்லவா, அதுவும் அடிச்சுரத்தில் கனத்துக் கனத்துத்தான் வந்தது, கதைத்துக்கொண்டு இருந்தவர்களும் வாயை மூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய கதவு திறந்தது. பிரகலாதன் முன்னுக்கு, வான்காரன் பின்னுக்கு, நடுவில் நீட்டாக ஒரு கறுத்தப் பெட்டி. வழியில் கைப்பிடி அறுந்துவிட்டதாம், அதனால் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, நிலம் ஈரம் வழுக்கும் என்று அடி பார்த்து அடி வைத்து நடுவழியால் வருகிறார்கள். கச்சேரிக்கென்று பெடியன் கறுப்புக் கோட்டும் போட்டிருந்தான். முன்வரிசை வாங்கில் இருந்த டானியல் மாஸ்டர், கண்ணும் இப்போது வடிவாகத் தெரியாது, சடாரென்று எழும்பி நின்றார். அவர் எழும்ப அடுத்த வாங்கு எழும்பியது, பிறகு முழுச் சனமும் எழும்பிவிட்டது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும்தானே, சவப்பெட்டி வாசலுக்குள் வந்தால் உள்ளே இருப்பது யார் எவர் என்று கேட்கமாட்டோம், எழும்புவோம். பாதி வழி வந்த பிறகுதான் அது செலோப் பெட்டி என்று விளங்கியது. பின்னால் இளம் பெட்டைகள் களுக்கென்று சிரித்தார்கள், மாஸ்டர், ஐயோ எனக்கு மதி கெட்டுப்போச்சு என்று தலையில் கை வைத்தார், ஒவ்வொருவராகத் திரும்ப வாங்கில் இருந்தார்கள்.

நான் இருக்கவில்லை பிள்ளை. அது வாத்தியப் பெட்டி என்று எனக்குத் தெரியும், நான் ஒன்றும் விசரியில்லை. ஆனால் முழங்கால் மடங்கமாட்டேன் என்றது. பீடத்துக்கு முன்னால் வாங்கொன்றில் அதை வளர்த்திக் கிடத்தினார்கள், மூடியைத் திறந்தார்கள், நான் எட்டி உள்ளே பார்த்தேன். ஏன் பார்த்தாய் என்று கேட்டால் என்ன சொல்ல, பார்த்தேன். உள்ளே சிவப்பு வெல்வெட்டும் அந்த வாத்தியமும்தான் இருந்தன. ராசம்மா அக்கா என் சீலையைப் பிடித்து இழுத்து இருத்தினார். பிறகு அவர்கள் வாசித்தார்கள். பெயர் சொன்னார்கள்தான், எனக்கு வாயில் நுழையவில்லை. வயலின் மாதிரிக் கீச்சுக் குரல் இல்லை அதற்கு, ஆம்பிளைக் குரல், காய்ச்சலோடு அடுத்த அறையில் படுத்திருக்கிற ஆள் கதைப்பது மாதிரி. ஜெயந்தினியின் பியானோ அதற்குப் பக்கத்திலேயே போகிறது, அவன் நின்றால் அவளும் நிற்கிறாள். நான் அழுதேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் இல்லை. நதானியேல் போன நாளிலிருந்து நான் இப்படி அழவில்லை, அழுதால் அவன் செத்தான் என்று ஆகிவிடும் என்று பயந்து கிடந்தேன். ராசம்மா அக்கா காதுக்குள் சொன்னார், அழு ரத்தினம், நாங்கள் உன்ரை பெடியனுக்கு ஒருநாளும் எழும்பி நிக்கேல்லை, இண்டைக்கு நிண்டிட்டம் எண்டு வைச்சுக்கொள் என்று. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது, ஆரடி உன்னை எழும்பச் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னது சரிதானே.

முடிந்து பெட்டியைத் திரும்பத் தூக்கியபோது அக்காதான் முதலில் எழும்பினார், இந்த முறை தெரிந்துகொண்டுதான். பிறகு மாஸ்டர், பிறகு எல்லாரும். ஒருவரும் சிரிக்கவில்லை. பிரகலாதன் பாவம் திகைத்துப் போய் நின்றான், ஜெயந்தினி கிட்டப் போய் ஏதோ சொன்னாள், அவன் என்னைப் பார்த்துவிட்டு இன்னும் மெல்ல ஆறுதலாக நடந்தான். நான் பெட்டிக்குப் பின்னால் கேற் வரைக்கும் போனேன். அம்மா, எனக்குத் தெரியாது, குறை நினைக்காதையுங்கோ என்றான். நீ வடிவாய் வாசிச்சாய் தம்பி, பாத்துப் போ, ரோட்டிலை வெள்ளம் என்று மட்டும் சொன்னேன். வான் போன பிறகும் மழைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன், ஒருவரும் வந்து கூப்பிடவில்லை, அந்த மட்டில் எங்கள் சனம் நல்ல சனம்.

புதன்கிழமை போதகரிடம் போனேன். தை மாதம் அவனுக்கு நினைவு ஆராதனை வைக்கச் சொல்லிவிட்டேன். நீ சொன்னது சரி, அதை எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன். லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடி வரவேண்டாம். என்னிடம் இருப்பது அவனுடைய பாஸ்போட் படம் மட்டும்தான், கள்ளனைப் பிடித்து வைத்த மாதிரி முழிசிக்கொண்டு இருக்கிறான், நீ அவன் சிரிக்கிற படமொன்று தேடி அனுப்பு. சின்னவளைத் தலை ஈரத்தோடு வெளியே விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கடைசி வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறேன், வருகிற ஆள் யாரும் இருந்தால் சொல்லு.

ஒவ்வொரு ஞாயிறும் பிரயாணத்திலும் தூரத்திலும் உள்ளவர்களுக்காக ஜெபிக்கும்போது போதகர் உங்கள் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுவார், நதானியேல், தயாளினி என்று. இன்றைக்கு அவன் பெயரை விடச் சொல்லி நான்தான் கேட்டேன். தயாளினி என்று மட்டும் சொன்னார். ஆமென் சொல்ல எனக்குக் கொஞ்சம் பிந்திப்போய்விட்டது. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இது கிடைத்ததும் போன் எடு மகளே, நான் சண்டை பிடிக்கமாட்டேன்.

உன் அம்மா,
இரத்தினம்மா.