புரட்டாசி முடியட்டும் என்றேன்

இன்று காலை கராஜைத் திறந்ததும் மெழுகுவர்த்தி வாசம் அடித்தது. உன் சர்ச்சில் எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவாய், நினைவிருக்கிறதா? தையல் நூலை அதில் இழுத்து இழுத்து மெழுகேற்றுவாய். நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. அந்தத் துண்டுகள் இருக்கும் டப்பாவை நான் இன்னும் தூக்கிப்போடவில்லை.

மரத்தில் பரண் எதுவும் வேண்டாம், இடுப்பிலும் தொடையிலும் பட்டையை மாட்டி, கயிற்றை மரத்தில் சுற்றித் தொங்கியபடியே உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கலாம் என்று போனில் ஒரு வீடியோ காட்டினாய். விரி பகுதியில் நாம் வேலை பார்த்த கிடங்கின் சாப்பாட்டு அறையில், உன் மலேசியத் தமிழில் சொன்னாய்.

"இதுக்குப் பேரு சேடில். வாங்குனா வெளிநாட்டுலேர்ந்து வரணும். நாமளே தைச்சிருவோம் லா."

துப்பாக்கியும் லைசென்சும் உன்னிடம். பக்கத்து மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் என் வேலை. எனக்கு அதுவே போதுமாயிருந்தது. ஆக்லாந்துக்கு வந்து இத்தனை வருஷத்தில், குடும்பத்தோடு அல்லாமல் என்னைத் தனியாக எங்காவது கூப்பிட்டவன் நீ ஒருத்தன்தான்.

கயிறும் கொக்கிகளும் மலையேறுகிறவர்களின் கடையில் புதிதாக வாங்கினோம். பட்டைக்கு மட்டும் பழைய கார் உடைக்கும் இடத்தில் சீட் பெல்ட்டுகளை அறுத்து வந்தோம். என் மனைவியின் தையல் மெஷினில் மூன்று ஊசி உடைந்தது. அவள் முறைத்த முறைப்பில் மெஷினை மூடிவிட்டுக் குத்தூசியைக் கையில் எடுத்தோம்.

அப்போதுதான் நீ ஒரு சட்டம் போட்டாய். அவனவன் சேடிலை அவனவன் தைக்கக் கூடாது.

"ஒன்னோடத நான் தைக்கிறேன், என்னோடத நீ தை. நம்ம உசுருன்னா அலட்சியமா இருப்போம். அடுத்தவன் உசுருன்னா கை பயப்படும்."

பயந்தது. உன் பருத்த உடம்பை நினைத்து ஒவ்வொரு தையலையும் இரண்டு முறை போட்டேன். நீ என்னுடையதை முடித்துவிட்டு, என் ஆமை வேகத்தைக் கிண்டல் செய்தபடி டீ குடித்துக்கொண்டிருப்பாய்.

ரோஸ்கில் பகுதியில் இருக்கும் என் வீட்டின் பின்பக்க மரத்தில் முதலில் நான் தொங்கினேன். தரையிலிருந்து ஓர் அடி உயரம்தான். என் மகள் ஜன்னலைத் திறந்து, "அப்பா, ப்ளீஸ்! நெய்பர்ஸ் ஆர் வாட்சிங்!" என்று கத்தினாள். உன்னுடையதையும் பார்த்துவிடலாம் என்றேன்.

"என்னோடது காட்டுலதான். நானும் இங்க தொங்குனா ஒன் பொண்ணு வீட்ட விட்டே ஓடிரும்."

அடுத்த சனிக்கிழமைக்குக் காட்டு அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டாய். அது புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

"புரட்டாசி சனிக்கிழமைல வேட்டையா? எங்க வீட்ல முட்டைகூட ஒடைக்க மாட்டோம்டா. மாசம் முடியட்டும்."

"சுட வேணாம் லா. துப்பாக்கிய வீட்லயே வெச்சிட்டு வரேன். சும்மா ஏறி ஒக்காந்துட்டு வருவோம்."

"அவ்ளோ தூரம் போய் சும்மா வர்ற ஆளா நீ? அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

நீ வாதாடவில்லை. "ஒன் சாமி ரொம்ப ஸ்ட்ரிக்ட் லா" என்று சிரித்துவிட்டுப் போனாய். சாமி ஒன்றும் சொல்லவில்லை, சொன்னவன் நான்தான்.

புரட்டாசி நான்காவது வாரம், அதே சாப்பாட்டு அறையில், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழவேயில்லையாம். அன்று எனக்கு லீவு. சில நாளில் ஐப்பசி பிறந்தது. வீட்டில் மனைவி கறி வைத்தாள். எனக்கு அந்த மாதம் முழுக்க ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

இன்று மறுபடியும் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. சேடிலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். நீ குறித்து வைத்திருந்த பைன் மரத்தில் ஏறி, கயிற்றைச் சுற்றிக் கட்டி, மெதுவாக என் எடையை அதில் இறக்கினேன். பட்டை ஒருமுறை கிரீச்சிட்டது, அவ்வளவுதான். துப்பாக்கி இல்லாமல், நீ கேட்டபடியே, சும்மா உட்கார்ந்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் ஒரு பெண்மான் வந்து நேர் கீழே நின்றது. உன்னிடம் காட்டத்தான் பக்கத்து மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் அசைந்த சத்தத்தில் மான் ஓடிவிட்டது. அதன் பிறகும் இறங்க மனம் வராமல் தொங்கிக்கொண்டே அழுதேன்.

நீ தைத்தது என்னைத் தாங்குகிறதடா. நான் தைத்தது ஒருநாளும் உன்னை ஏற்றிக்கொள்ளாமல் கராஜில் ஆணியில் மாட்டிக் கிடக்கிறது. இரவு வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்து, விரலால் தடவி ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். தாங்கியிருக்கும். எல்லாவற்றையும் இரண்டு முறை போட்டிருக்கிறேன்.