அம்மா போட்ட கையெழுத்து

மே 12, திங்கள்

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தம்பி கீதனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அதுதான் பயம்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் பள்ளிக்கு வந்தார். அடுத்த கிழமை புதன் எங்கள் வகுப்பில் ஆய்வாம். வேப் என்கிற மின்சிகரெட், மது, கஞ்சா பற்றியெல்லாம் கேட்பார்கள். டேப்லட்டில் பதில், பெயர் இல்லை. நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்று பார்க்கமாட்டார்களாம், உண்மை போதுமாம்.

ஏழு மாதமாக வேப் இழுக்கிறேன். ஐயோ, எழுதிவிட்டேன்! இதைச் சொல்ல ஒரு இடம் வருகிறது. நித்திரையே வரவில்லை.

மே 13

எனக்கு முதலில் வேப் தந்த பிரணவி சிரிக்கிறாள். "உனக்கென்ன விசரே? எல்லாத்துக்கும் 'நோ' போட்டுட்டு வா."

போடமாட்டேன். இப்போதே எனக்கு நானே கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை? தினமும். விடப் பார்த்தாயா? மூன்று தரம்.

மே 15, வியாழன்

ஆய்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை!

பிள்ளை பங்கெடுக்க வேண்டாம் என்றால் மட்டும் பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்பும் தாளாம், திங்கள் வீட்டுக்குத் தந்துவிட்டது. ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்பேட்டை வேலையால் களைத்து வரும் அம்மா, பள்ளித் தாள் எது வந்தாலும் கையெழுத்துப் போடுவார். சுற்றுலா, ஊசி, நீச்சல். இதுக்கும் போட்டிட்டார். நானும் வாசிக்காமல் குடுத்திட்டன். மொக்கு!

அம்மா போன் பண்ணினால் சேர்ப்பார்களாம். ஏன் என்று கேட்பாரே - என்ன சொல்ல?

மே 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "போதைப்பொருள் கேள்வியோ? உனக்கு அதிலை எழுத என்ன கிடக்கு?"

"கிடக்கு, அம்மா."

கத்தி நின்றது. அடிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எவ்வளவு காலம் என்று கேட்டார். ஏழு மாதம் என்றேன். பிறகு மீனைச் சட்டியில் போட்டார். குழம்பில் உப்பே இல்லை; ஒருவரும் சொல்லவில்லை.

மே 19

காலையில் சப்பாத்துப் போட்டபடியே அம்மா பள்ளிக்குப் போன் எடுத்தார். தாளைப் பிழையாக விளங்கிக்கொண்டதாகவும், மகள் ஆய்வுக்கு வரட்டும் என்றும் தன் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். கதவடியில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போய் அங்கை பொய் எழுதிப்போடாதை."

மே 21, புதன்

பொய் எழுதவில்லை! ஒவ்வொன்றுக்கும் உண்மையைத் தொட்டேன். ஒரு கேள்வியில் மட்டும் விரல் நின்றது: நீங்கள் பாவிப்பது வீட்டில் பெரியவர் யாருக்காவது தெரியுமா?

போன கிழமை கேட்டிருந்தால் வேறு பதில்.